காற்றோடு பறக்கவா, கைக்கு அடங்கவா: முதல் விண்ட்சர்ஃபிங் பாயை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பலகையில் நின்று, அதில் பொருத்திய பாயைக் கையில் பிடித்துக் காற்றில் ஓடுவதுதான் விண்ட்சர்ஃபிங். மதுரையில் கடல் இல்லை, ஆனால் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் நல்ல வெயில் ஏறுவதற்குள் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் கரையில் நின்றுவிடலாம். புதிதாகப் பழக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பாய் வேகமாப் போகும்?" கேம்பர் (அது என்ன என்று படி 2இல் சொல்கிறேன்) வைத்த பாய்தான். ஆனால் முதல் இரண்டு வருடத்துக்கு அதை வாங்காதீர்கள்.

படி 1: அளவு

75 கிலோ ஆள், காற்று 15 நாட், அதாவது மணிக்குச் சுமார் 28 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 75ஐ 15ஆல் வகுத்து 1.34ஆல் பெருக்கினால் 6.7 சதுர மீட்டர் வரும். இது பலகையைத் தண்ணீர் மேல் வழுக்கி ஓடவிடத் தெரிந்தவருக்கான கணக்கு. பாயைத் தூக்கி நிறுத்தவே இப்போதுதான் பழகுகிறீர்கள் என்றால், 10 நாட்டுக்குக் கீழான காற்றில் 4.5 அல்லது 5 போதும்.

படி 2: கேம்பரைத் தொட்டுப் பாருங்கள்

பாய்க்குள் குறுக்கே ஓடும் நீளக் குச்சிதான் பேட்டன். அதன் முன் நுனியில், பாய்மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டுதான் கேம்பர். கேம்பர் இல்லாத பாய், கொடியில் காயும் எட்டு முழ வேட்டி மாதிரி: காற்று வந்தால் உப்பும், காற்று ஏறி இறங்கும்போது வளைவு பின்னால் நகர்ந்து உங்கள் பின்கையைப் பிடுங்கும். கேம்பர் வைத்தது முறம் மாதிரி, காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளைவு மாறாது. காற்றோடு ஓடும்போது வேகம் தருவது அந்த மாறாத வளைவுதான்.

அதற்கு விலையும் உண்டு. கேம்பருக்காக, பாய்மரம் நுழையும் முன் உறையை அகலமாகத் தைத்திருப்பார்கள், விழுந்தால் அதற்குள் தண்ணீர் புகுந்துகொள்ளும். நான் பழைய 7.8 சதுர மீட்டர் பாய் ஒன்றை மூன்று கேம்பரோடு ஆசைப்பட்டு வாங்கிப் போனேன்; இடுப்பளவு தண்ணீரில் நின்று பாயைத் தூக்கும் கயிற்றை இழுக்கிறேன், பாய் ஒரு முழம் எழுந்து மறுபடி படுத்துவிடுகிறது, உறையின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அன்று காலை முழுக்க ஓடியது நூறு மீட்டர்கூட இருக்காது. கேம்பர் இல்லாத பாயில் அதே காலையில் நாற்பது முறை விழுந்து எழலாம், பழக்கம் வருவது அப்படித்தான்.

படி 3: மொட்டைமாடியில் கட்டிப் பாருங்கள்

பாயின் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும். முன்பக்க நீளம் 478 செ.மீ., உங்கள் மாஸ்ட், அதாவது பாய்மரம், 460 செ.மீ. என்றால், அதன் அடியில் செருகி நீளம் கூட்டும் எக்ஸ்டென்ஷனை 18 செ.மீ.க்கு வையுங்கள். அப்புறம் கீழ்க்கயிற்றை இழுங்கள், இன்னும் இழுங்கள். மேல் இரண்டு பேட்டன்களுக்கு நடுவே பாயின் பின் ஓரம் தளர்ந்து நெளிய வேண்டும். புதியவர்கள் இதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு, பாய் கனக்கிறது என்று சொல்வார்கள்.

படி 4: காற்றோடு ஓடுவது

நேராகக் காற்று போகும் திசையிலேயே திரும்பினால் பாயில் படும் காற்று குறைந்து பலகை தொய்ந்துவிடும். காற்றுக்குக் குறுக்கே கிளம்பி, வேகம் பிடித்த பிறகு 30, 40 டிகிரி காற்றோடு சாயுங்கள். 2015இல் நமீபியாவின் லூடெரிட்ஸ் கால்வாயில் பிரெஞ்சு விண்ட்சர்ஃபிங் வீரர் அந்த்வான் அல்போ 500 மீட்டரைச் சராசரி 53.27 நாட்டில் கடந்ததும் இப்படிச் சாய்ந்து ஓடித்தான், கேம்பர் பாயில்தான்.

முதல் முயற்சியை ஆடியில் வைக்காதீர்கள். அப்போது மண்டபத்தின் வடகரையில் தண்ணீர் தகடாகக் கிடக்கும், பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று உங்களைக் கரையிலிருந்து நடுக்கடலுக்குத் தள்ளும். மார்கழி, தை வாடையில் அதே கரையில் இறங்குங்கள். கொஞ்சம் அலை இருக்கும், விழுந்தாலும் காற்றே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அங்கே ஆழத்தில் விழுந்து, கயிற்றைத் தொடாமல் காற்றின் இழுப்பிலேயே பத்துக்கு எட்டு முறை எழுந்து நிற்க முடிகிறதா, அப்போது இரண்டு கேம்பர் பாய் ஒன்றை இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள்.