கழுத்திலிருந்து கீழ்நோக்கிச் சுவெற்றர் பின்னுதல்: முதன்முறை பின்னுபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் சுவெற்றர் பின்னுபவர்கள் பெரும்பாலும் தமக்காகப் பின்னுவதில்லை. மார்கழிப் பனிக்கு இங்கு ஒரு சால்வையே போதும். ஊசியில் ஏறுவது ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் பேரப்பிள்ளையின் சுவெற்றர். போட்டுப் பார்க்கப் பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது, கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் முறையே ஏற்றது என்பது என் கருத்து. பின்னல் துணி, அடைத்து முடித்த கரையிலிருந்துதான் இலகுவாகப் பிரியும். இம்முறையில் அந்தக் கரைகள் இடுப்பிலும் மணிக்கட்டிலும் அமைவதால், பிள்ளை வளர்ந்ததும் அவற்றை மட்டும் பிரித்து நீளத்தைக் கூட்டலாம்.

கண்ணி ஏற்றவும், நேர்க்கண்ணியும் மறுகண்ணியும் போடவும், அடைக்கவும் தெரிந்தவர்களுக்காக இதனை எழுதுகிறேன். கீழே உள்ள கணக்கு இரண்டு வயதுப் பிள்ளைக்கு உரியது.

அளவும் பொருட்களும்

துள்ளித் திரியும் பிள்ளையின் மார்பைத் தொலைபேசி வழியாக அளக்கச் சொன்னால் சரியான எண் கிடைக்காது. பிள்ளைக்கு அளவாக இருக்கும் ஒரு சுவெற்றரை மேசையில் விரித்து, அக்குளுக்குக் கீழே குறுக்காக அளந்து, அதனை இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள். இங்கே அதனை 58 சென்ரிமீற்றர் என வைத்துக்கொள்வோம்.

8 இழைத் தடிப்புள்ள நூல் ஏறக்குறைய 200 முதல் 250 கிராம் வரை தேவைப்படும். முழுவதையும் ஒரே சாய எண்ணில் (ஒன்றாகச் சாயமேற்றிய நூலுக்குப் பட்டியில் இடும் எண்) ஒரே தடவையில் வாங்குவது நல்லது. குளிர்நாட்டு வீடுகளில் எல்லா உடுப்பும் சலவை இயந்திரத்துக்கும் உலர்த்திக்கும் போகும். சாதாரணக் கம்பளி அதில் சுருங்கிவிடும் என்பதால், அக்ரிலிக் நூலையோ இயந்திரத்தில் கழுவலாம் எனப் பட்டியில் குறிப்பிடப்பட்ட கம்பளியையோ எடுங்கள். ஊசி 4 மில்லிமீற்றர். இரு முனைகளும் நீண்ட வடத்தால் இணைந்த 80 சென்ரிமீற்றர் சுற்றூசி ஒன்றே போதும். சுற்று சிறிதாக இருக்கும் இடங்களில் கண்ணிகளின் நடுவே வடத்தை வளையமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னலாம்.

மாதிரித் துண்டு

இதைத் தவிர்ப்பவர்கள் பலர், ஆனால் உடுப்பின் அளவைத் தீர்மானிப்பதே இதுதான். 30 கண்ணி ஏற்றி, எப்போதும் நேர்ப்பக்கத்திலேயே பின்னுங்கள்: வரிசை முடிந்ததும் துண்டைத் திருப்பாமல், கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்புறத்தில் தளர்வாக விட்டு அடுத்த வரிசையைத் தொடங்க வேண்டும். திருப்பிப் பின்னும்போது பலருக்கு மறுகண்ணி தளர்ந்துவிடுவதால், அப்படி எடுத்த அளவு வட்டமாகப் பின்னும் உடுப்புக்குப் பொருந்தாது. துண்டைக் கழுவி, உலர்த்தி, நடுவில் 10 சென்ரிமீற்றருக்குள் எத்தனை கண்ணிகள் என எண்ணுங்கள். எமக்குத் தேவை 22. அது 24 ஆக இருந்தால், 58 சென்ரிமீற்றராக வரவேண்டிய மார்பு ஏறக்குறைய 53 ஆகிவிடும், அப்போது 4.5 மில்லிமீற்றர் ஊசிக்கு மாறி மீண்டும் பாருங்கள். வெயில் நேரத்தில் வியர்த்த கையில் நூல் ஒட்டி இறுகும். ஆகவே மாதிரியையும் உடுப்பையும் ஒரே வேளையில், முடிந்தால் காலையில், பின்னுவது நன்று.

கழுத்தும் தோளும்

76 கண்ணிகளைத் தளர்வாக ஏற்றுங்கள். தலை நுழைய வேண்டிய வாய் இதுவே. ஏற்றிய விளிம்பு ஓரிடத்திலும் முறுக்கிக்கொள்ளாமல் உட்புறம் பார்த்திருக்கிறதா எனச் சரிபார்த்த பின்னரே வட்டமாக இணைக்க வேண்டும், ஏனெனில் முறுக்கு விழுந்தால் முழுவதையும் பிரிப்பதைத் தவிர வழியில்லை. இரண்டு நேர், இரண்டு மறு என 3 சென்ரிமீற்றர் பின்னுங்கள்.

அடுத்த சுற்றில் முழுவதும் நேர்க்கண்ணி போட்டபடி, நான்கு அடையாள வளையங்களால் கண்ணிகளைப் பிரியுங்கள்: முதுகு 26, கை 12, முன்புறம் 26, கை 12. இனி ஒரு சுற்று கூட்டல், ஒரு சுற்று வெறும் நேர்ப்பின்னல். கூட்டற் சுற்றில் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு கண்ணி முன்னதாக நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, ஒரு நேர்க்கண்ணி போட்டு, வளையத்தை நகர்த்தி, மற்றொரு நேர்க்கண்ணி போட்டு, மீண்டும் நூலைச் சுற்றுங்கள். அடுத்த சுற்றில் அந்தச் சுற்றுகளை வழக்கம்போலப் பின்னினால் சிறு துளைகள் வரிசையாகத் தெரியும். துளை வேண்டாதவர்கள் கண்ணியின் பின்பக்க இழையில் ஊசியை நுழைத்துப் பின்னலாம். பெண்பிள்ளைகளின் உடுப்புக்குத்தான் துளை அழகு என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு கூட்டற் சுற்றுக்கு எட்டுக் கண்ணிகள் கூடும். பதினாறு முறை கூட்டியபின் முதுகும் முன்புறமும் 58 வீதமும், கைகள் 44 வீதமும், மொத்தம் 204 கண்ணிகளும் இருக்க வேண்டும். கழுத்திலிருந்து அக்குள் நோக்கி இறங்கும் சாய்கோடுகள் இப்போது நன்றாகத் தெரியும்.

கைகளைப் பிரித்தல்

முதுகைப் பின்னி, கையின் 44 கண்ணிகளைத் தையல் ஊசியால் வேறு நிற நூலில் கோத்து விடுங்கள். அக்குளுக்காக 6 புதிய கண்ணி ஏற்றி, முன்புறத்தைப் பின்னி, மறுகைக்கும் அவ்வாறே செய்யுங்கள். ஊசியில் 128 கண்ணிகள் மிஞ்சும். அதுவே 58 சென்ரிமீற்றர் மார்பு. அக்குளிலிருந்து 16 சென்ரிமீற்றர் நேராகவும், பின் 4 சென்ரிமீற்றர் கழுத்தில் போட்ட கரைப் பின்னலாகவும் பின்னித் தளர்வாக அடையுங்கள்.

கைக்கு, கோத்துவைத்த 44 கண்ணிகளுடன் அக்குள் விளிம்பில் 6 எடுத்து 50 ஆக்குங்கள். இரு மூலைகளிலும் ஓட்டை விழும். அங்கே மேலதிகமாக ஒவ்வொரு கண்ணி எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னினால் அது மூடிவிடும். ஆறு சுற்றுக்கு ஒருமுறை அக்குள் நடுவின் இருபுறமும் இரண்டிரண்டு கண்ணிகளை ஒன்றாகப் பின்னிக் குறைத்து, ஏழு முறையில் 36க்கு வந்ததும் 4 சென்ரிமீற்றர் கரை போட்டு அடையுங்கள். மற்றக் கையும் இவ்வாறே.

இடுப்பிலும் மணிக்கட்டிலும் அடைத்த நூலின் வாலை ஒரு சாண் விட்டு வெட்டி, உட்புறமாகக் கோத்து மறையுங்கள். முடிச்சுப் போட்டால் பின்னர் பிரிக்கச் சிரமம். மிஞ்சிய நூலைச் சாய எண் எழுதிய பட்டியுடன் ஒரு பையில் கட்டி, பொதிக்குள் சுவெற்றரோடு வைத்தனுப்பாமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நீளம் கூட்டப்போவது நீங்கள்தான்.