ஐடியாவோட வர்ற கிளையன்ட்டுக்கு வீடியோ பண்றது எப்படி

கடை விளம்பரம், கம்பெனி வீடியோ பண்றவங்க பாதி பேர் "கிளையன்ட்டுக்கு ஒண்ணுமே தெரியலப்பா"ன்னு புலம்புவாங்க. எனக்கு வர்றவங்க பெரும்பாலும் நேர்மாறு. காஞ்சிபுரத்துல பட்டுத்தறி வச்சிருக்கிற அண்ணன், திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட் பண்ற அக்கா, பொள்ளாச்சி பக்கம் மரச்செக்கு போட்டிருக்கிற தம்பி, இவங்கெல்லாம் தொழில்லயே எதையாவது புதுசா நோண்டிட்டே இருக்கிற ஆளுங்க, வீடியோன்னு வந்தா மட்டும் கையைக் கட்டிட்டு உக்காருவாங்களா என்ன. இவங்களோட வேலை பாக்கிறது ரொம்ப ஜாலி, ஆனா வழி தெரியலன்னா பட்ஜெட்டும் போயிரும், தேதியும் போயிரும். புதுசா இந்த ஃபீல்டுக்கு வர்றவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

மொதல்ல, ஐடியா சொன்ன உடனே "சூப்பர்ங்க"ன்னும் சொல்லாதீங்க, "அது கஷ்டம்"னும் சொல்லாதீங்க. எதுக்குன்னு கேளுங்க. திருப்பூர் அக்கா "வீடியோவுல ஒரு மூஞ்சி கூட வரக்கூடாது"ன்னாங்க. ஏங்க்கான்னு கேட்டா, எல்லா கம்பெனியும் சிரிக்கிற மாடலைத்தான் காட்டுது, துணி வாங்குற பையர் பாக்குறது துணியைத்தானே, அப்ப துணியையே காட்டுன்னு விளக்கினாங்க. அதுக்கப்புறம் வேலை ஈஸியாயிருச்சு. வட்டப் பின்னல் மெஷின்ல துணி குழாயாத்தான் கீழ இறங்கும், அதைக் கீழ இருந்து மேல பாத்து எடுத்தோம். சாயங்கால வெயில் ஜன்னல் வழியா விழும்போது பஞ்சுத் தூசி பறக்குறது தெரியும், அந்த நேரத்துக்கு வாங்கன்னு சொன்னதும் அவங்கதான். நான் தனியா யோசிச்சிருந்தா அது எனக்குத் தோணியிருக்காது.

ரெஃபரன்ஸ் லிங்க் கேக்கும்போது பிடிச்சது மட்டும் கேக்காதீங்க, பிடிக்காதது ஒண்ணும் கேளுங்க, அதுல தான் நிறைய விஷயம் வெளிய வரும். பிடிச்ச வீடியோவுலயும் கலரா, ஸ்பீடா, மியூசிக்கான்னு தோண்டிக் கேக்கணும். வெளிநாட்டு கார் விளம்பரத்தை அனுப்பிட்டு அவங்க மனசுல இருக்கிறது அதோட அமைதி மட்டும்தான்னா, அந்த அமைதி நம்ம பட்ஜெட்லயே வரும்.

அடுத்தது தான் முக்கியம். ஒவ்வொரு ஐடியாவையும் ஷாட்டா மாத்தி, பக்கத்துல ரேட்டும் நேரமும் எழுதுங்க. "முடியாது"ங்கிற வார்த்தையே தேவைப்படாது. "ஒரே டேக்ல முழு கடையையும் சுத்தி வரலாம்ணே, ஆனா கிம்பல் (கேமரா ஆடாம பிடிக்கிற கருவி) ஆளு வேணும், ரிகர்சலுக்கே அரை நாள் போயிரும், அப்ப அந்த கோயில் குளம் ஷாட்டை விடணும், எது வேணும்?"னு கேட்டுட்டு முடிவை அவங்க கிட்ட விட்டுருங்க. ஐடியா உள்ள ஆளுங்களுக்கு இப்படி ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறது பிடிக்கும், சொல்லப்போனா அவங்க தொழிலே அதுதான். மாமல்லபுரத்துல சேலை ஷூட்னு யாராவது கேட்டா தொல்லியல் துறை அனுமதிக்கு ஆகுற நாளையும் அந்த லிஸ்ட்லயே சேத்துருங்க.

ஐடியாவுக்கும் டெக்னிக்கலுக்கும் முட்டுற இடத்தை முன்னாடியே போய்ப் பாத்துரணும். காஞ்சிபுரம் அண்ணன் ஜரிகை இழை ஓடுறதை ஸ்லோமோஷன்ல கேட்டார். தறி இருந்த ரூம்ல பழைய டியூப்லைட்டு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால இந்த மாதிரி லைட் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். செகண்டுக்கு 25 ஃபிரேம்ல, ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழுற நேரம்) 1/50 செகண்ட் வச்சா பிரச்னை இல்ல, 120 ஃபிரேம் போனா படம் மினுக்கி மினுக்கி வரும், எடிட்ல அதைச் சரி பண்றது நரகம். ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு 100 ஃபிரேம், 1/100 ஷட்டர், இல்லன்னா லைட்டையெல்லாம் அணைச்சுட்டு வாசல் வெளிச்சமும் மினுக்காத எல்இடியும். நாங்க ரெண்டாவது தான் பண்ணோம். குழித்தறியில நெசவாளர் கால் குழிக்குள்ள இருக்கும், அதனால கேமராவும் தரை மட்டத்துக்கு இறங்கணும், டிரைபாட் எடுத்துட்டுப் போனா சும்மா தூக்கிட்டுத் திரும்ப வேண்டியது தான். கோர்வைச் சேலைன்னா (உடலையும் பார்டரையும் தனித்தனி நூல்ல நெய்து கோக்குறது) மூணு நாடா (ஊடு நூலைக் கொண்டு போற கட்டை) ஓடும், பக்கத்துல துணைக்கு ஒரு ஆளும் உக்காரணும், அந்த ஆளுக்கும் இடம் விட்டுத்தான் லைட் வைக்கணும்.

அவங்க ஏரியாவுல அவங்களை முன்னாடி போக விடுங்க. ஜரிகை எந்தச் சாய்வுல மின்னும்னு அந்த அண்ணனுக்குத் தெரிஞ்ச அளவு எந்த கேமராமேனுக்கும் தெரியாது, அவர் சேலையைச் சாய்ச்சுக் காட்ட காட்ட நாங்க லைட்டை நகத்தினோம். ஆனா மெல்லிசுக் கட்டம் போட்ட சேலை கேமராவுல அலை அலையா நெளியும், அங்க கொஞ்சம் தள்ளி வரணும், இல்ல கோணத்தை மாத்தணும், அதை அவர் கிட்ட மானிட்டர்ல காட்டிட்டாப் போதும், வாதமே வராது.

செக்குக்காரத் தம்பி கேட்டது வேற மாதிரி. மியூசிக்கே வேணாம், சத்தம் மட்டும் போதும்னார். நல்ல ஐடியா தான், ஆனா அங்க மைக் வச்சா மோட்டார் சத்தம் மட்டும் தான் கேக்கும். அதனால படம் தனியா, சத்தம் தனியா எடுத்தோம். மோட்டாரை நிறுத்திட்டு உலக்கையைக் கையால மெதுவா தள்ளி மரம் முனகுறது, எள்ளு கொட்டுறது, கருப்பட்டி உடைக்கிறது, எண்ணெய் ஊத்துறதுன்னு ஒவ்வொண்ணையும் மைக்கைக் கிட்ட வச்சு. மியூசிக் வேணும்ங்கிறவங்க பெரும்பாலும் 80ஸ் சினிமா பாட்டு கேப்பாங்க, ரீல்ஸ்ல எல்லாரும் போடுறாங்களேன்னு வேற சொல்லுவாங்க. விளம்பரத்துக்குப் போட்டா உரிமை வாங்கணும், பாட்டுக்குத் தனி, ரெக்கார்டிங்குக்குத் தனி. அதுக்குப் பதிலா ஒரு நாதஸ்வரக்காரரைக் கூப்பிட்டு புதுசா ரெக்கார்ட் பண்ணி, உரிமையை எழுத்துல வாங்கி வச்சுக்கிறது பல மடங்கு மேல்.

ஷூட் அன்னிக்கு கடைசி ஒரு மணி நேரத்தைக் காலியா விடுங்க. ஸ்பாட்டுக்கு வந்ததும் இவங்களுக்குப் புது ஐடியா வராம இருக்காது, அந்த ஒரு மணி நேரம் அதுக்குத்தான். ஃபைனல்ல நிக்கிற ஷாட் பல தடவை அதுல இருந்து தான் வந்திருக்கு. 9:16 (ரீல்ஸ் மாதிரி நெட்டுக்குத்து) வேணுமா 16:9 (டிவி மாதிரி அகலம்) வேணுமாங்கிறதை மட்டும் அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிருங்க, அகலமா எடுத்துட்டு அப்புறம் வெட்டினா பாதி சேலை காணாமப் போயிரும்.

எடிட்ல தான் உறவு கெடும். கரெக்ஷன் ரெண்டு ரவுண்டுன்னு கொட்டேஷன்லயே போடுங்க. கமெண்ட் எல்லாம் நிமிஷம், செகண்ட் போட்டு ஒரே ஆள் கிட்ட இருந்து வரணும், மாமா ஒண்ணு மச்சான் ஒண்ணுன்னு வாய்ஸ் நோட் வந்தா வேலை ஓடாது. வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பாதீங்க, அது சுருக்கிரும், அப்புறம் கலர் மங்கலா இருக்குன்னு நமக்குத்தான் திட்டு, டாக்குமெண்ட்டாவோ டிரைவ் லிங்க்காவோ அனுப்புங்க. கட் ஓகேன்னு எழுத்துல வந்தப்புறம் தான் கலரும் சவுண்டும். ராத்திரி 11 மணிக்கு வர்ற ஐடியாவைத் தட்டிவிடாம அடுத்த வீடியோன்னு ஒரு லிஸ்ட்ல போட்டு அவங்களுக்கே திருப்பி அனுப்புங்க, அடுத்த ஆர்டர் அதுல இருந்தே வரும்.

பேப்பர் வேலை கொஞ்சம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு மொதல் உரிமை கொடுத்தவங்களுக்குத்தான், வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தா ஒழிய. அதனால நம்ம ஷோரீல்ல (நம்ம வேலையோட சாம்பிள் வீடியோ) போடணும்னா அதை எழுதி வாங்கணும். பணம் அட்வான்ஸ் பாதி, ஷூட் முடிஞ்சதும் கொஞ்சம், மீதி ஃபைனல் ஃபைல் கொடுக்கிறதுக்கு முன்னாடி. நீங்க உத்யம்ல (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) மைக்ரோவாவோ ஸ்மாலாவோ பதிவு பண்ணியிருந்தா, ஒப்பந்தத்துல என்ன எழுதினாலும் 45 நாளுக்கு மேல கிளையன்ட் பில்லை இழுக்க முடியாது, ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள். ரா ஃபுட்டேஜ் (எடிட் பண்ணாத ஒரிஜினல் ஷாட்) கொடுப்பீங்களா, ஹார்ட் டிஸ்க் யார் வாங்குறது, எத்தனை மாசம் வச்சிருப்பீங்கங்கிறதையும் அதே கொட்டேஷன்ல ஒரு வரி போட்டுருங்க, ஏன்னா இந்த மாதிரி கிளையன்ட் ரெண்டு வருஷம் கழிச்சு கண்டிப்பா வந்து அந்தப் பழைய ஷாட்டைக் கேப்பாங்க.