ஷோரூம் ஆயிலா, கடை ஆயிலா? காருக்கு இன்ஜின் ஆயில் வாங்கும் முன்

மாருதி, ஹூண்டாய், டொயோட்டா என்று கார் கம்பெனி பெயரில் விற்கும் ஆயிலையும் ஆயில் கம்பெனிகள்தான் தயாரித்துக் கொடுக்கின்றன. அதே தரத்தில் காஸ்ட்ரால், ஷெல், சர்வோ கேன்கள் காரைக்குடிக் கடைகளிலும் கிடைக்கும். கேனின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

காரின் கையேட்டை எடுத்து இரண்டு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று ஆயிலின் கெட்டியைச் சொல்லும் கிரேடு: 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று இருக்கும். இன்னொன்று தரம்: பெட்ரோல் காருக்கு ஏபிஐ (அமெரிக்கத் தர அமைப்பு) எஸ்என், எஸ்பி போன்றவை. எஸ்பி 2020இல் வந்தது. எஸ்என் கேட்கும் காருக்கு எஸ்பி தாராளமாக ஊற்றலாம். டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், உள்ள பிஎஸ்6 டீசல் காருக்கு ஏசிஇஏ (ஐரோப்பியத் தரம்) சி2, சி3 என எது எழுதியிருக்கிறதோ அதுவேதான். சாதாரண டீசல் ஆயிலில் சாம்பல் அதிகம். அந்தச் சாம்பல் ஃபில்டருக்குள் தங்கிவிடும், எரித்துச் சுத்தம் செய்யவும் முடியாது.

“நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்” என்று 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். வெளியே 40 டிகிரி அடித்தாலும் ஓடும் இன்ஜினில் ஆயில் சுமார் 100 டிகிரியில் இருக்கும். கிரேடின் இரண்டாவது எண் அந்தச் சூட்டில் உள்ள கெட்டியைத்தான் சொல்கிறது. மெல்லிய ஆயிலுக்காக வடிவமைத்த இன்ஜினில் கெட்டி ஆயில் ஊற்றினால் மைலேஜ் குறையும், வால்வு டைமிங் அமைப்பும் தடுமாறும்.

வாரன்டி முடியும்வரை ஷோரூமிலேயே மாற்றுவது நல்லது. கூடுதல் செலவு ஆகலாம். ஆனால் இன்ஜினில் கோளாறு வந்தால் அந்த பில்தான் பேசும். எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று பில்லில் பார்த்துக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். வாரன்டி முடிந்தபின் கடை ஆயில் தாராளமாகப் போதும். தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். மூடியின் சீல், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி மூன்றையும் பாருங்கள். காலியான கேனில் ஓட்டை போட்டுவிடுங்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு வேண்டியது நல்ல காலி கேன்தான்.

மாற்றும்போது இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சமதரையில் நிறுத்தி வடியுங்கள். ஆயில் வடிக்கக் கழற்றும் ட்ரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பழையதையே போட்டால் கசியும். திருகிப் பூட்டும் வகை ஆயில் ஃபில்டரின் ரப்பரில் புது ஆயில் தடவி, ரப்பர் தொட்டதும் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். கையேட்டு அளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து நிரப்புங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரை கிளம்பும்.

செட்டிநாட்டு வீடுகளில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கும் கார்கள் நிறைய. ஆயிரம் கிலோமீட்டரே ஓடியிருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். கடைத்தெருவரை மட்டும் போய்வரும் காரில் இன்ஜின் முழுதாகச் சூடேறாது; ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். எந்தக் கம்பெனி ஆயிலானாலும் இதற்கு விலக்கில்லை.

வடித்த ஆயிலைக் கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுக்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். மண்ணில் கொட்டினால் மழையோடு ஊருணிக்குப் போகும்.