இரும்பு விதையில் இருந்தால் போதுமா? பயறு ரகம் தேர்ந்தெடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

தை பிறந்தால் மதுரைச் சந்தைகளில் பச்சை மொச்சை குவியும். கருவாட்டுக் குழம்பில் அதைப் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு, பயறு என்றாலே சத்து என்பது மனப்பாடம். பயற்றில் இரும்பு இருப்பது உண்மைதான். ஆனால் அதில் சிறு பங்குதான் உடம்பில் சேர்கிறது. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் நாட்டு விதை சேகரித்துச் 'சத்து ரகம்' எடுக்கப் பார்க்கும் இளைஞர்கள் பலர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

ஆய்வகச் சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறார்கள். சாதாரண பீன்ஸ் விதையில் கிலோவுக்குச் சுமார் 50 மில்லிகிராம் இரும்பு இருக்கும். அதை 94-க்கு உயர்த்துவதுதான், சத்து கூட்டிய பயிர் ரகங்களை உருவாக்கும் ஹார்வெஸ்ட்பிளஸ் என்ற சர்வதேசத் திட்டம் வைத்த இலக்கு. சரி, உங்கள் விதைக்கு 120 என்று வந்தால்? கொண்டாடுவதற்கு முன் களத்தை நினைத்துப் பாருங்கள். நம் செம்மண்ணில் இரும்பு ஏராளம். விதைமேல் ஒட்டிய தூசியே கணக்கை ஏற்றிவிடும். அதனால்தான் கவனமான ஆய்வகங்கள் அலுமினியத்தையும் சேர்த்து அளக்கின்றன. மண்ணில் அது மிகுதி, விதைக்குள் மிகக் குறைவு. அலுமினியம் கூடினால் நீங்கள் அளந்தது மண்ணை. ஒரே பட்டத்து விளைச்சலை வைத்து முடிவெடுப்பதும் இதே ரகத் தவறுதான். மண்ணும் பருவமும் மாறினால் அளவும் மாறும்.

அடுத்தது பைட்டிக் அமிலம். இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போட்டு, குடலில் சேரவிடாமல் செய்வது இதுதான். "அதையே ஒழித்துவிடலாமே" என்று தோன்றும். இத்தாலியில் பைட்டிக் அமிலம் 90 சதவீதம் வரை குறைந்த பீன்ஸை எடுத்தார்கள். ருவாண்டாவில் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, இரும்பு கூட்டிய ரகத்தைவிட அதிகமாக ஒன்றும் சேரவில்லை. வயிற்றுக் கோளாறுதான் மிச்சம். அந்த விதை சரியாக வேகாததால், பீன்ஸில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் முழுதாக அழியவில்லை. பைட்டிக் அமிலம் விதை தனக்காகச் சேர்த்து வைக்கும் பாஸ்பரஸ் கையிருப்பு. அதில் கைவைத்தால் வேறெங்கோ இடிக்கும்.

தோல் நிறத்தில் ஏமாறுவது இன்னொன்று. கறுப்பாக இருந்தால் இரும்பு அதிகம் என்ற நம்பிக்கை பலருக்கு. கறுப்பு, சிவப்பு பீன்ஸ் தோலில் உள்ள பாலிஃபீனால் என்ற தாவர வேதிப்பொருள்கள் பல, இரும்பு சேர்வதைத் தடுக்கின்றன. ஆனால் எல்லாமே தடுப்பவை அல்ல. குடல் செல்களை வளர்த்துச் செய்த சோதனைகளில் குவெர்செட்டின் வகை தடுத்தது, கேம்ப்ஃபெரால் வகை உதவியது. சில மஞ்சள் பீன்ஸ் ரகங்கள் வேகமாக வெந்து, இரும்பையும் நன்றாக விட்டுக்கொடுப்பதும் தெரிந்திருக்கிறது.

கலப்பு செய்பவர்கள் தடுமாறும் இடமும் இந்தத் தோல்தான். விதைத்தோல் தாய்ச் செடியின் பாகம். உள்ளே இருக்கும் கருவும் விதையிலையும்தான் புதுக் கலவை. வெள்ளைத் தாயில் கறுப்பின் மகரந்தத்தை வைத்தால், அந்த விதை வெள்ளையாகத்தான் இருக்கும். "கலப்பு தோற்றுவிட்டது" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதை விதைத்து வளரும் செடியின் விதையில்தான் தோல் மாற்றம் தெரியும். மொட்டு விரியுமுன்னே மகரந்தப் பைகளை நீக்கவில்லை என்றால் அது வேறு கதை, செடி தன்னைத்தானே சேர்த்துக்கொண்டிருக்கும். அப்புறம், மொச்சையும் பீன்ஸும் வேறு வேறு பேரினம். இரண்டையும் கலக்க மெனக்கெட வேண்டாம்.

கடைசியாக, குக்கரை மறந்துவிடுகிறார்கள். அடுத்த பட்டத்துக்கு விதை ஒதுக்குமுன் ஒரு பிடி எடுத்து இரவு ஊறவைத்து, வழக்கமான மொச்சையோடு சேர்த்தே வேகவிடுங்கள். ரெண்டு விசில் கூடக் கேட்டால், எந்த அம்மாவும் அதை மறுபடி வாங்கமாட்டார்.