கீமோவோடு ஆன்டிபாடி ஊசி: உடனிருப்பவர் கவனிக்க வேண்டியவை

மார்பகப் புற்றுநோய் எலும்புக்கோ ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்ட நிலையில், கீமோவுடன் ஆன்டிபாடி ஊசியையும் சேர்த்துப் போடலாம் என்று மருத்துவர் சொன்னால், உடனிருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது பயாப்சி ரிப்போர்ட்டில் உள்ள ஹெர்-2 (புற்றுச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம்) முடிவைத்தான். அது 3+ என்றிருந்தால் இந்தச் சிகிச்சை பொருந்தும். 0 அல்லது 1+ என்றிருந்தால் பொருந்தாது. 2+ என்றிருந்தால் ஃபிஷ் என்ற அடுத்த பரிசோதனையின் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் மார்பில் எடுத்த பயாப்சி மட்டுமே இருந்தால், பரவிய இடத்திலிருந்து மீண்டும் எடுத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், ஏனெனில் ஹெர்-2 நிலை இடையில் மாறக்கூடும்.

கீமோ மருந்து வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகிறது. டிராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடியோ புற்றுச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஹெர்-2 புரதத்தைப் பற்றிக்கொண்டு, அதன் வழியாகச் செல்லும் வளர்ச்சிக் கட்டளையைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 1998-இல் ஒப்புதல் பெற்ற இந்த மருந்தோடும் டோசிடாக்சல் என்ற கீமோவோடும் பெர்டுசுமாப் என்ற இரண்டாவது ஆன்டிபாடியைச் சேர்த்தபோது, ஒரு பெரிய ஆய்வில் நோயாளிகள் உயிர்வாழ்ந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் அதைவிட அதிகமாக வாழ்ந்த காலம்) 40.8 மாதங்களிலிருந்து 56.5 மாதங்களாக உயர்ந்தது.

இதில் குடும்பங்கள் மிகவும் குழம்புவது, கீமோவுக்கும் ஆன்டிபாடிக்கும் கால அளவு வேறு என்பதில்தான். டோசிடாக்சல் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஆறு சுற்று போடப்பட்டு, உடல் தாங்கும் அளவைப் பொறுத்து நிறுத்தப்படும். ஆன்டிபாடியோ, நோய் மீண்டும் வளராமலும் இதயம் பாதிக்கப்படாமலும் இருக்கும்வரை தொடரும். கீமோ முடிந்து, தலைமுடி வளரத் தொடங்கி, திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கோ வேலைக்குத் திரும்பும் பெண்ணைப் பார்த்து, இனி ஊசி எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்து நிறுத்திவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. புற்றுச் செல்லில் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி இருப்பதாக (ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ்) ரிப்போர்ட் சொன்னால் இக்கட்டத்தில் ஹார்மோன் மாத்திரையும் சேர்க்கப்படும்.

டிராஸ்டுசுமாப்பின் முதல் தவணை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 8 மில்லிகிராம்; அடுத்தவை 6 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு முதலில் 480, பிறகு 360 மில்லிகிராம் என்று கணக்கு வரும். நம் நாட்டில் 440 மில்லிகிராம் வயல் (மருந்துக் குப்பி) பரவலாகக் கிடைப்பதால், ஒரு தவணைக்குப் பிறகு மீதம் நிற்கும். குப்பியுடன் வரும், கிருமி வளராமல் தடுக்கும் திரவத்தில் கரைத்திருந்தால் மட்டுமே அதை 2 முதல் 8 டிகிரி குளிரில் 28 நாள் வரை வைக்கலாம். ஃபிரீசரில் வைக்கவே கூடாது. மருத்துவமனை மருந்தகமே தன் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ள முன்வந்தால், தாராபுரத்திலிருந்து கோவைக்குப் பேருந்தில் ஐஸ் பெட்டியோடு போய்வருவதைவிட அதுவே நல்லது. வாங்கும்போது பெயரை முழுவதும் படியுங்கள். டிராஸ்டுசுமாப் எம்டான்சின் என்பது அளவும் வேறான, முற்றிலும் தனி மருந்து. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போவது உயிருக்கு ஆபத்து.

முதல் தவணைக்கு முன்பும், பிறகு சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும். டாக்சோரூபிசின் வகைக் கீமோவோடு டிராஸ்டுசுமாப்பைச் சேர்த்துக் கொடுத்த தொடக்க கால ஆய்வில் 27 சதவீதம் பேருக்கு இதயச் செயல்பாடு குன்றியதால்தான், இன்று அவ்விரண்டையும் ஒன்றாகக் கொடுப்பதைத் தவிர்த்து, டோசிடாக்சல் அடங்கிய டாக்சேன் வகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படுத்தால் மூச்சுவாங்குவது, கால் வீங்குவது ஆகியவற்றை அடுத்த தவணைவரை தள்ளாமல் உடனே சொல்லுங்கள். இந்தப் பலவீனம் ஊசியை நிறுத்தினால் பலருக்கு மீள்கிறது, ஆனால் நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும்.

டோசிடாக்சலுக்கு முந்தைய நாளே ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அந்நாட்களில் சர்க்கரை ஏறும். ஊசி போட்ட ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காமல், அந்த இரவிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாளவாடி போன்ற மலை ஊர்க்காரர்கள் திம்பம் மலைப்பாதையில் இரவில் வாகனங்களுக்குள்ள கட்டுப்பாட்டை நினைவில் வைத்து, அந்த நாட்களில் சத்தியமங்கலத்திலோ கோபியிலோ உறவினர் வீட்டில் தங்குவது பாதுகாப்பானது.

மாரியம்மன் நோம்பிக்கு (கோயில் திருவிழாவுக்கு) கம்பம் நட்டபின் ஊரைவிட்டு வெளியே இரவு தங்குவதில்லை என்ற வழக்கத்தால் தவணை தள்ளிப்போவதுண்டு. பெரும்பாலும் பகலிலேயே முடிந்து வீடு திரும்பிவிடலாம் என்பதால் தேதியை மாற்றத் தேவையில்லை. டிராஸ்டுசுமாப் ஒரு வாரத்துக்கு மேல் தாமதமானால், மீண்டும் 8 மில்லிகிராம் கணக்கில் தொடங்க நேரும், செலவும் கூடும்.

பணத்தைப் பொறுத்தவரை, 2013-இல் இந்தியாவில் டிராஸ்டுசுமாப்பின் பயோசிமிலருக்கு (மூல மருந்தை ஒத்த, வேறு நிறுவனம் தயாரிக்கும் மருந்து) ஒப்புதல் கிடைத்த பிறகு விலை இறங்கியிருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்பவர்கள், கீமோவுக்கு மட்டுமா, ஆன்டிபாடிக்கும் சேர்த்தா, கீமோ முடிந்தபின் வரும் தவணைகளுக்கும் தனித்தனியாக ஒப்புதல் வாங்க வேண்டுமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.