புது போனில் எந்த ஆப்பைப் போடுவது, எதை விடுவது?

போன் வாங்கியதும் தெரிந்தவர்கள் சொல்லும் ஆப்பெல்லாம் வரிசையாக ஏறிவிடுகின்றன. அதற்கு முன் ஒரு தாளை எடுத்து, போனால் உங்களுக்கு ஆக வேண்டிய வேலைகளை எழுதுங்கள். கரண்ட் பில் கட்ட வேண்டும், வெளியூரில் படிக்கும் மகளுக்குப் பணம் அனுப்ப வேண்டும், லைசென்ஸ் எப்போதும் கையில் இருக்க வேண்டும், தமிழில் டைப் செய்ய வேண்டும்... இப்படி. ஆப்பின் பெயர் இப்போதைக்கு வேண்டாம். கீழே உள்ளவை ஆண்ட்ராய்டு போனுக்கானவை.

படி 1: அந்த வேலையைப் போனே செய்கிறதா?

டார்ச், கால்குலேட்டர், அலாரம் எல்லாம் போனோடு வருகின்றன. க்யூஆர் கோடு படிக்கப் பெரும்பாலான போன்களில் கேமராவே போதும். டார்ச்சுக்கென்று தனி ஆப் போடவே வேண்டாம். 2013-ல் அமெரிக்காவில் ஒரு டார்ச் ஆப் மீது அரசே நடவடிக்கை எடுத்தது. கோடிக்கணக்கானோர் இறக்கிய அந்த ஆப், அவர்கள் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்து வந்தது.

தமிழ் டைப்பிங்கும் அப்படித்தான். பல போன்களில் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டு ஏற்கெனவே இருக்கும். அதன் செட்டிங்ஸில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும். ஆங்கில எழுத்தில் அடித்தாலும் தமிழில் வரும். மைக்கைத் தொட்டுப் பேசினாலும் எழுதிக்கொள்ளும்.

படி 2: யார் செய்த ஆப்?

லைசென்ஸுக்கு, அரசு ஆவணங்களைப் போனிலேயே வைத்துக்கொள்ள உதவும் டிஜிலாக்கரை எடுத்துக்கொள்வோம். பிளே ஸ்டோரில் தேடினால், மேலே முதலில் நிற்பது விளம்பரமாக இருக்கலாம். 'ஸ்பான்சர்டு' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டி வந்து, ஆப் பெயருக்குக் கீழே உள்ள தயாரிப்பாளர் பெயரைப் படியுங்கள். டிஜிலாக்கர் என்றால் மத்திய அரசின் நேஷனல் இ-கவர்னன்ஸ் டிவிஷன் என்று இருக்க வேண்டும். லோகோவை யார் வேண்டுமானாலும் பார்த்து வரையலாம், அதனால் இந்த வரியைப் படிக்காமல் இன்ஸ்டாலைத் தொடாதீர்கள்.

டிஜிலாக்கரில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 'இஷ்யூட்' பகுதியில், போக்குவரத்துத் துறையிடமிருந்து நேராக வரும் லைசென்ஸும் ஆர்சியும் அசலுக்குச் சமம். வண்டியை நிறுத்தும் போலீஸாரிடம் அதைக் காட்டலாம். நீங்களே போட்டோ எடுத்து அதில் ஏற்றி வைத்த லைசென்ஸுக்கு அந்த மதிப்பு கிடையாது.

படி 3: என்ன அனுமதி கேட்கிறது?

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஆப் அனுமதி கேட்கும்போதும், இந்த வேலைக்கு இது எதற்கு என்று கேளுங்கள். ஆட்டோ பிடிக்கும் ஆப்புக்கு நீங்கள் நிற்கும் இடம் தெரிய வேண்டும், சரி. நாள்காட்டி ஆப்புக்கு உங்கள் போனில் உள்ள நம்பர்கள் எதற்கு? சந்தேகமாக இருந்தால் அனுமதி கொடுக்காதீர்கள்; இடம், கேமரா, மைக் கேட்டால் 'இந்த முறை மட்டும்' என்பதைத் தொடலாம். கொடுத்துவிட்ட அனுமதியையும் திரும்ப வாங்கலாம்: செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த ஆப்பின் பெயர், பெர்மிஷன்ஸ்.

கடன் ஆப்புகளிடம் மிக மிகக் கவனம் தேவை. அவசரத்துக்கு ஐந்தாயிரம் வாங்கியவரின் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அவமானப்படுத்த முடிவது, அந்த ஆப் போனில் உள்ள நம்பர்களை எடுத்துக்கொள்வதால்தான். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கடன் தரும் ஆப் உங்கள் நம்பர்களையும் படங்களையும் அழைப்புப் பட்டியலையும் தொடக் கூடாது. கேட்டாலே அது தப்பான ஆப். உடனே எடுத்துவிடுங்கள்.

படி 4: லிங்கில் வரும் ஆப் வேண்டாம்

கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும். பெயர் ஏபிகே (.apk) என்று முடிந்தால் அது ஆப். தெரிந்த நம்பரிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள், அவர் போனே திருடர்கள் கையில் சிக்கியிருக்கலாம்.

படி 5: பணம் அனுப்பும் ஆப் ஒன்று போதும்

பீம் ஆகட்டும், வேறு எதுவாகட்டும், கை பழகிய ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் பில்லையும் அதிலேயே கட்டிவிடலாம். யுபிஐ பின் என்பது உங்கள் கணக்கிலிருந்து பணம் போவதற்கு. வருவதற்குத் தேவையே இல்லை. 'பணம் அனுப்பியிருக்கிறேன், பின் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

படி 6: வேண்டாததை எடுங்கள்

அப்புறம், மாதம் ஒருமுறை தாளையும் போனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாளில் உள்ள எந்த வேலைக்கும் உதவாத ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யலாம். ஆனால் அதில் மாதச் சந்தா கட்டி வந்திருந்தால், ஆப்பை எடுத்தாலும் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய் முதலில் அதை ரத்து செய்யுங்கள். அங்கே இல்லையென்றால் அந்த ஆப்பின் உள்ளேயே ரத்து செய்துவிட்டு, பிறகு ஆப்பை எடுங்கள்.