நெப்ராஸ்காவின் சின்னஞ்சிறு ஊருக்கு வருபவர்களுக்கு: ஊரின் தலைக்கணக்கும் பணக்கணக்கும்

அமெரிக்கா வரும் தமிழர்களில் பெரும்பாலானோர் நியூ ஜெர்சி, டெக்சாஸ், கலிஃபோர்னியா என்று போய்ச் சேர்கிறார்கள். மருத்துவர்களில் ஒரு பகுதியினருக்கு வழி வேறு. ஜே-1 என்ற பயிற்சி விசாவில் வந்து ரெசிடென்சி (மருத்துவமனையில் பெறும் மேற்பயிற்சி) முடித்தவர்கள் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருடம் முழுநேரமாக வேலை பார்க்க ஒப்புக்கொண்டால் அதிலிருந்து விலக்குக் கிடைக்கும். 1994-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் பெயர் கான்ராட் 30. இப்போது ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருடத்துக்கு 30 இடங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊரின் பெயரைத் தேடினால், மக்கள்தொகை முந்நூறைக்கூடத் தாண்டாது. வீட்டில் எல்லோரும் கலங்கிப் போவார்கள்.

அவர்களுக்காகவும், அவர்களோடு வரும் துணைவர், பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்டிருப்பது நெப்ராஸ்கா மாநிலத்தின் வடபகுதியை. ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். பணம் எந்த வழியாக ஊருக்குள் வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று பாருங்கள். உங்களுக்கு வீடு கிடைப்பது, பிள்ளைக்குப் பள்ளி இருப்பது, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வருவது எல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

தலைக்கணக்கு

நெப்ராஸ்கா சட்டப்படி 100 முதல் 800 பேர் வரை உள்ள ஊர் வில்லேஜ். அதை நடத்துவது ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. ஆள் குறைந்து நூறுக்குக் கீழே போனாலும் ஊர் தானாகக் கலைந்துவிடாது. இதற்குக் கடைசி எல்லை பாய்ட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) உள்ள மோனொவை. 12-ஆம் எண் நெடுஞ்சாலையில் போனால் வரும். 1902-இல் ரயில் பாதை வந்தபோது பிறந்த ஊர் அது. 1930-களில் 150 பேர் இருந்தார்கள். 2000 சென்சஸில் ஒரு கணவனும் மனைவியும் மட்டும். 2004-இல் கணவர் இறந்துவிட, 2010 சென்சஸில் மக்கள்தொகை 1. அந்த அம்மாதான் மேயர், கிளார்க், பொருளாளர் எல்லாம். ஊரில் இருந்த ஒரே மதுக்கூடத்தையும் அவரே நடத்தினார். அதன் உரிமத்துக்கு விண்ணப்பம் எழுதுவதும் அவர், ஒப்புதல் தருவதும் அவர். மாநில நிதி வருவதற்காக வருடாவருடம் சாலைத் திட்டம் போட்டு அனுப்பினார். தெருவிளக்கு எரிய வேண்டும் என்று தனக்குத் தானே வரி கட்டினார். கணவர் சேர்த்த 5,000 புத்தகங்களை ஒரு சிறிய கொட்டகையில் வைத்து நூலகமாகத் திறந்தும் விட்டார். ஊர் என்பது பிடிவாதமாக யாரோ ஒருவர் செய்துகொண்டே இருக்கும் வேலை என்று எனக்கு உறுதியாகப் படுவது அவரை நினைக்கும்போதுதான்.

2020 சென்சஸ் அதே ஊருக்கு 2 பேர் என்று காட்டியது. யாரும் குடிவரவில்லை. தனிப்பட்டவர்களின் விவரம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகச் சென்சஸ் அலுவலகம் சிறிய ஊர்களின் எண்களை வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் வெளியிடுகிறது. ஆகவே குட்டி ஊர்களைப் பொறுத்தவரை இணையத்தில் பார்க்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். சராசரிக் குடும்ப வருமானம் என்று போட்டிருப்பதை இன்னும் குறைவாக நம்புங்கள். அது சில வீடுகளில் மட்டும் கேட்டு எடுக்கும் மாதிரிக் கணக்கு. முப்பது வீடுள்ள ஊரில் ஒரே ஒரு பெரிய பண்ணைக்காரர் அகப்பட்டால் ஊரே பணக்கார ஊராகத் தெரியும்.

ஒன்று மறக்காமல் செய்யுங்கள். அடுத்த சென்சஸ் 2030 ஏப்ரல் 1. குடியுரிமை இல்லாவிட்டாலும், எந்த விசாவில் இருந்தாலும், அங்கே வசிக்கும் எல்லோரையும் எண்ண வேண்டும் என்பதே சட்டம். மாநில, மத்திய நிதி பல இந்தத் தலைக்கணக்கைப் பார்த்துத்தான் பிரிகிறது. 200 பேர் ஊரில் ஐந்து பேர் குடும்பம் விட்டுப்போனால் அது சிறிய பிழை இல்லை.

ஏன் இப்படிச் சுருங்கின

இந்த ஊர்களை நட்டது ரயில். குதிரை வண்டியில் தானியம் ஏற்றிக்கொண்டு வரும் உழவர் அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும். அந்தத் தொலைவைக் கணக்கிட்டு நிலையங்கள் வைத்தார்கள், நிலையத்தைச் சுற்றி ஊர் எழுந்தது. 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஒரு சதுர மைல் 640 ஏக்கர் என்பதால், ஒவ்வொரு சதுர மைலிலும் நான்கு குடும்பம் இருக்க முடிந்தது. கடைக்கு ஆள் வந்தது, பள்ளிக்குப் பிள்ளைகள் வந்தார்கள்.

அப்புறம் டிராக்டர் வந்தது, லாரி வந்தது. இன்றைக்கு ஒரு குடும்பம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விதைத்து அறுக்கிறது. 1935-இல் அமெரிக்கா முழுவதும் 68 லட்சம் பண்ணைகள். 2022-இல் 19 லட்சம். விளைச்சல் குறையவில்லை, பல மடங்கு கூடியது. விளைவிக்கத் தேவைப்படும் ஆட்கள்தான் குறைந்தார்கள். ஆளில்லாத ஊர் ஏழை ஊராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். பழைய பிக்கப்பில், கிழிந்த தொப்பியோடு உங்கள் கிளினிக்குக்கு வருபவரிடம் பல மில்லியன் டாலர் மதிப்புள்ள நிலம் இருக்கலாம். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு மருந்து வாங்கவே காசு இல்லாமலும் இருக்கலாம். உடையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

பணம் எங்கிருந்து வருகிறது

அக்டோபரில் வந்தால், முதல் வாரமே கூட்டுறவுச் சங்கத்தின் தானிய எலிவேட்டரை, அதாவது தானியத்தை வாங்கிச் சேமிக்கும் கோபுரக் கிடங்கை, போய்ப் பாருங்கள். ஊரிலேயே உயரமான கட்டடம் அதுதான். அந்தச் சங்கத்தை எல்லோரும் கோ-ஆப் என்பார்கள். மக்காச்சோளம் ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றிலும் 900 புஷலுக்குக் குறையாது. ஒரு புஷல் மக்காச்சோளம் 56 பவுண்டு, ஏறக்குறைய 25 கிலோ. எடைமேடையில் லாரி ஏறி நின்றதும் மேலிருந்து ஒரு நீளக் குழாய் இறங்கி, சோளத்துக்குள் இரண்டு மூன்று இடத்தில் குத்தி மாதிரி உறிஞ்சும். உள்ளே ஒரு பெண் அதைக் கருவியில் கொட்டி ஈரப்பதம் பார்ப்பார். 15 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் பிடித்தம் உண்டு, உலர்த்தக் கூலியும் உண்டு. கொட்டிவிட்டு வெறும் வண்டியாக மறுபடி எடைமேடைக்கு வந்து சீட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். சுவரில் அன்றைய விலை ஓடிக்கொண்டிருக்கும்: சிகாகோ சந்தையின் விலையிலிருந்து இந்த ஊருக்கான கழிவைக் கழித்தது. அந்தப் பலகையில் இருபது சென்ட் ஏறுவதும் இறங்குவதும் அந்த வருடம் ஊரில் புது வண்டி வாங்குவார்களா, பல் கட்டிக்கொள்வார்களா என்பதைத் தீர்மானிக்கும். அறுவடை நேரத்தில் நோயாளிகள் ஏன் அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பது அங்கே நின்றால் உடனே புரியும்.

சோளம், சோயா தவிர மாடு. இந்த மாநிலத்தில் மனிதர்களைப்போல் சுமார் மூன்று மடங்கு மாடுகள். சோளத்தில் ஒரு பகுதி மாட்டுத் தீவனமாகிறது, பெரும் பகுதி எத்தனால் ஆலைக்குப் போகிறது. ஆலையில் மிஞ்சும் சக்கை மறுபடி மாட்டுக்கே வருகிறது.

சரி, இந்தப் பணம் ஊரிலேயே தங்குகிறதா என்றால், அதில்தான் சிக்கல். நிலத்தின் சொந்தக்காரர்களில் பலர் ஊரில் இல்லை. பெற்றோர் விட்டுச்சென்ற நிலத்தை ஓமஹாவிலோ டென்வரிலோ இருக்கும் பிள்ளைகள் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகைப் பணம் வெளியே போய்விடும். விதை, உரம், இயந்திரம் எல்லாவற்றுக்குமான பணமும் அப்படியே. ஊருக்குள் மாதாமாதம் நிலையாகச் சுற்றும் பணம் வேறு இடங்களிலிருந்து வருகிறது: பள்ளி ஆசிரியர் சம்பளம், கவுண்டி அலுவலகச் சம்பளம், முதியவர்களின் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியம், அப்புறம் மருத்துவமனை.

நீங்கள் வேலை பார்க்கப் போவது பெரும்பாலும் கிரிட்டிக்கல் ஆக்சஸ் என்ற வகை மருத்துவமனையாக இருக்கும். 1997 சட்டத்தில் உருவான வகை இது. அதிகபட்சம் 25 படுக்கைகள். ஆகும் செலவைக் கணக்கிட்டு, முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் தருவதால்தான் இவ்வளவு சிறிய இடத்தில் அது மூச்சு விடுகிறது. ஒரு மருத்துவர் போய்விட்டால் நர்ஸ், லேப் ஆட்கள், சமையலறை ஆட்கள் எல்லோர் வேலையும் ஆட்டம் காணும்; அவர்கள் போனால் பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள். ஊர்க்காரர்கள் உங்களிடம் முதல் நாளே "எத்தனை வருடம் இருப்பீர்கள்?" என்று கேட்பது இதனால்தான். துருவிக் கேட்பதாக நினைக்காதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வீடு, தண்ணீர், தபால்

வாடகை வீடு எந்த இணையதளத்திலும் இருக்காது. மருத்துவமனை நிர்வாகி, வங்கி, பள்ளி அலுவலகம் என்று மூன்று இடத்தில் சொல்லி வையுங்கள். காலியாகக் கிடக்கும் வீடு ஏதாவது ஒன்று யாராவது ஒருவரின் அத்தையுடையதாக இருக்கும். வாங்குவதென்றால் விலை மலிவு, ஆனால் சொத்து வரி கனம். பள்ளிச் செலவில் பெரும் பங்கு அதிலிருந்துதான் வருகிறது. இந்தக் கவுண்டிகளில் வருடத்துக்கு இரண்டு தவணை: மே 1, செப்டம்பர் 1 தாண்டினால் வட்டி.

ஊருக்கு வெளியே பண்ணை வீடு எடுத்தால் கிணற்றுத் தண்ணீர். இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். வயலில் போடும் உரத்திலிருந்து நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்கியிருக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பூக்கும். தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது நம் பழக்கம். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி இன்னும் கூடும். குடிபோகும் முன்பே பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை குழந்தையின் பாலுக்குக் கடைத் தண்ணீர்தான்.

பல குட்டி ஊர்களில் வீட்டுக்குத் தபால் வராது. அஞ்சலகத்தில் பெட்டி எடுக்க வேண்டும். ஜன்னல் ஒரு நாளில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். குடிவரவு அலுவலகத்துக்கு முகவரி கொடுக்கும்போது தெரு எண்ணை மட்டும் கொடுத்தால் முக்கியமான கடிதம் திரும்பிப் போகும். வசிக்கும் முகவரி, தபால் முகவரி இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள். வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 படிவம். ஓட்டுநர் தேர்வும் கவுண்டி தலைநகரில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் நடக்கும். போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கடை, சாப்பாடு

புழுங்கல் அரிசி, உளுந்து, புளிக்கு ஓமஹாவோ சூ ஃபால்ஸோ போக வேண்டும். பெரிய ஃப்ரீசர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் கறிவேப்பிலையும் தேங்காய்த் துருவலும் மாதக்கணக்கில் வரும். இறைச்சி சாப்பிடுபவர்கள் உள்ளூர் மீட் லாக்கரில் (இறைச்சி வெட்டித் தரும் கடை) கேளுங்கள். பண்ணையிலிருந்து நேரே வந்த ஆட்டை நீங்கள் சொல்லும் அளவில் வெட்டித் தருவார்கள்.

ஆனால் பால், முட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கை உள்ளூர்க் கடையிலேயே வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும். மளிகைக்கடை போய்விட்டால் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்பதற்கு மேற்கே உள்ள கோடி என்ற ஊர் சாட்சி. சுமார் 150 பேர். பல வருடம் கடையே இல்லாமல் இருந்து, கடைசியில் பள்ளி மாணவர்களே முன்னின்று, வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, 2013-இல் சர்க்கிள் சி மார்க்கெட் என்று ஒன்றைத் திறந்தார்கள். கணக்கு எழுதுவதும் சாமான் அடுக்குவதும் பிள்ளைகள்தான்.

மனிதர்கள்

எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். நீங்களும் தூக்குங்கள். காலையில் கோ-ஆப் கவுண்டரில் காபி ஓடும். நம்மூர் டீக்கடை பெஞ்சுக்கு உள்ள இடம் அதற்கு. வெள்ளிக்கிழமை மாலை பள்ளியின் ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். ஒரு அணிக்கு ஆறே பேர் ஆடினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். பதினொரு பையன்களைத் திரட்ட முடியாத சிறு பள்ளிகளுக்காக 1934-இல் இதே நெப்ராஸ்காவில்தான் அந்த ஆட்டத்தை உருவாக்கினார்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்கு ஒரு பெரிய பாத்திரம் எலுமிச்சை சாதம் கொண்டு போனால் தங்களுக்கும் சாப்பாடு உறுதி. காரம் குறைத்துச் செய்யுங்கள், பாத்திரம் காலியாகவே திரும்பும்.

கடைசியாக, அவசரம். 911 அழைத்தால் வருபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். டிராக்டரை வயலிலேயே நிறுத்திவிட்டு, வங்கிக் கவுண்டரை மூடிவிட்டு ஓடி வருவார்கள். ஆள் வயதாகிக்கொண்டே போகிறது, புதியவர் கிடைப்பது கடினம். மருத்துவரின் துணைவராக வந்து வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருப்பவர்கள், விசா விதிக்கு உட்பட்டதா என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு, முதலுதவிப் பயிற்சி வகுப்பில் சேருங்கள். வகுப்பு எப்போது தொடங்கும் என்று கிராம அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். உங்கள் வீட்டு எண் பலகை இரவில் சாலையிலிருந்து தெரிகிறதா என்பதையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். இருட்டில் ஆம்புலன்ஸ் தேடி வருவது அந்த எண்ணைத்தான்.